ஆடற்கு அரங்கு வேண்டும்

சில திங்களுக்கு முன் ஒருநாட் பிற்பகல். கண்டிமாநகரில் மழை விடாது பெய்துகொண்டிருந்தது. ஹந்தானை மலைத்தொடர் முழுவதும் முகிலுள் மறைந்து கிடந்தது. யான் பத்தாம் வகுப்பு மாணவியர்க்குப் புணர்ச்சி விதிகளை விளக்கிக்கொண்டிருந்தேன். நேரசூசியின்படி அஃது இலக்கணத்திற்குரிய வேளையன்று, விளையாட்டிற்குரிய வேளை. பரீட்சை நெருங்குகின்றது என்னும் நியாயங் காட்டி அவ்வேளையை யானே கேட்டு வாங்கியிருந்தேன். அப்பொழுது பின்வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சேர், பனிக்கட்டி மேல பொம்பளப் புள்ளைங்க ஹொக்கி வெளையாடுறாங்களாம். பேப்பர்ல போட்டிருக்கு. அதுக்குத் தமிழ்ல என்ன பேரு சேர்?”

வகுப்பு நகைத்தது. யானும் நகைத்தேன். ஆயினும், முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து, கீழைத்தேயக் கல்லூரியிற் பண்டித வகுப்பும் நடத்திவரும் எனக்கு, அவ்வினாவிற்கு உடனே விடை கூற இயலவில்லை. “நாளை சொல்கிறேன்” என்று அவளை அமர்த்தினேன்.

அன்றிரவு அவ்விளையாட்டைப் பற்றிக் கிடைத்தவற்றை எல்லாம் படித்தேன். ஏறத்தாழ அறுபது மீற்றர் நீளமுள்ள பனிக்கட்டித் தளத்தில், அலகு பொருத்திய காலணி அணிந்து, அணிக்கு அறுவராகச் சறுக்கியோடி ஆடுகின்றனர். கையில் வளைகோல் உண்டு, பந்து இல்லை. மூன்று அங்குல விட்டமும் ஓரங்குலத் தடிப்பும் உடைய இறப்பர் வட்டு ஒன்றையே அடித்துச் செலுத்துகின்றனர். வட்டு துள்ளாதிருத்தற்பொருட்டு ஆட்டத்திற்கு முன் அதனையும் குளிரூட்டி உறைய வைப்பராம். ஆகவே, தரையில் ஆடும் ஹொக்கியை நாம் வளைகோற் பந்தாட்டம் என வழங்குவது போல, இதனையும் பந்தாட்டம் என்றல் பொருந்தாது. ‘பனி வட்டாட்டம்’ என்பதே தகும் எனத் துணிந்தேன்.

வட்டு என்பது நாம் புதிதாய்ப் புனைந்த சொல்லன்று. நற்றிணையின் மூன்றாம் பாட்டில், வேப்பமர நிழலிலே கட்டங் கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு சிறுவர் ஆடுங் காட்சி வருகின்றது. திருவள்ளுவரும் கல்லாமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே இவ்வாட்டத்தை உவமையாக்கினார். நூலறிவு நிரம்பாதவன் அவையிற் புகுந்து பேசுதல், கட்டம் வகுத்துக்கொள்ளாமல் வட்டு உருட்டுவதை ஒக்கும் என்பது அவர் கருத்து.

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் மகிழ்ச்சியோடு எடுத்துரைத்தேன். எல்லாவற்றையும் கேட்டிருந்த அப்பெண், “அரங்கு இல்லாட்டி, அது ஆடுறவங்க குத்தமா சேர்?” என்றாள்.

வள்ளுவர் கடிந்தது, கற்கக்கூடியவனாயிருந்தும் கல்லாது அவையேறியவனை. அரங்கே வழங்கப்பெறாதவரை அவர் கடிந்திலர். இவ்வாறு விடையிறுத்து அவளை அமர்த்திவிட்டேன். ஆனால் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. ஏனெனில், வாரந்தோறும் அவளது அரங்கைப் பறித்துக்கொண்டவன் யானே அன்றோ?

அந்தப் பனி வட்டாட்டத்தின் வரலாற்றை நோக்கின், பெண்மக்கள் அரங்கிற்காகக் காத்திருந்த கதையே அதிலும் பெரும்பாகம். கனடாவின் மகாதேசாதிபதியாயிருந்த ஸ்ரான்லி பிரபுவின் மகள் இசபெல், 1890ஆம் ஆண்டை அண்டிய காலத்திலேயே ஒட்டாவா நகரில் இவ்வாட்டத்தை ஆடியவர். அப்பிரபு 1892இல் வெற்றிக் கிண்ணம் ஒன்றை வழங்கினார்; அஃது ஆடவர்க்குரியதாயிற்று. ஆடவர் ஆட்டம் 1920இலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. மகளிர்க்கென உலகப் போட்டி முதன்முதல் நடைபெற்றது 1990இல். அதுவும் அதே ஒட்டாவா நகரிலேதான். பிரபுவின் மகள் ஆடிய இடத்திற்கு உலக மகளிர் வந்து சேர நூறாண்டு சென்றது! ஒலிம்பிக்கில் அவர்க்கு இடங் கிடைத்தது 1998இல், யப்பானின் நகானோவில்.

இளையோர் நிலையும் இதுவே. இருபது வயதிற்குட்பட்ட ஆண்களுக்கான உலகப் போட்டி 1977 முதல் நடைபெறுகின்றது. பதினெட்டு வயதிற்குட்பட்ட பெண்களுக்கான போட்டி தொடங்கியது 2008இல், கனடாவின் கல்கரி நகரில். அமெரிக்கப் பெண்கள் வென்றனர். 2019இல் யப்பானின் ஒபிஹிரோ நகரிலே கூடியபோதுதான் அஃது ஆசிய மண்ணை மிதித்தது.

பின்னர் கொள்ளைநோய்க் காலம் வந்தது. 2021ஆம் ஆண்டுப் பெண்கள் போட்டி கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு தை மாதத்திற் சுவீடனில் நடைபெறவிருந்ததும் நிறுத்தப்படுமென அறிவிக்கப்பட்டது. அதே வேளையில் ஆண்களின் இருபது வயதுப் போட்டி கனடாவிலே தொடங்கிற்று. நோய் பரவவே சில நாளில் அதுவும் நின்றது. நோயஞ்சி நிறுத்தியதை யாரும் பழிக்கவில்லை. முதலிற் கைவைக்கப்படுவது எப்போதும் பெண்களின் ஆட்டமாகவே இருப்பது ஏன் என்பதே எழுந்த வினா. வீராங்கனைகள் வாளாவிருந்திலர், குரல் எழுப்பினர். விளைவாக 2022 யூன் மாதத்தில் அமெரிக்காவின் மடிசன் நகரில் அப்போட்டி நடைபெற்றது. கனடாப் பெண்கள் வாகை சூடினர்.

இவையெல்லாம் குளிர்நாட்டுச் செல்வர் கதை, நமக்கென்ன என்பார் உளர். அவர் இந்தியாவின் லடாக்கை நோக்குவாராக. லே நகர்ப் பக்கத்துப் பெண்கள், குளிர்காலத்தில் இரண்டொரு திங்களே உறைந்து கிடக்குங் குளங்களைக் களமாகக் கொண்டு, இரவல் வாங்கிய காலணியோடு இவ்வாட்டத்தைப் பயின்றனர். இந்திய மகளிர் அணி முதன்முதற் பன்னாட்டுப் போட்டியில் இறங்கியது 2016இல், தைபே நகரில். அடுத்த ஆண்டு பாங்கொக்கில் பிலிப்பைன்ஸ் அணியை வென்று முதல் வெற்றியைக் கண்டது. 2025இல் ஐக்கிய அரபு இராச்சியத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் வெண்கலமும் பெற்றது. அரங்கு குறைவாயிருந்தும் ஆடி வென்றோர் இவர். அதுகொண்டு அரங்கு வேண்டாம் எனல் எத்துணைப் பேதைமை! அவர்க்கு ஆண்டு முழுதும் அரங்கு இருந்திருப்பின் எவ்வளவு உயர்ந்திருப்பர் என்று எண்ணுவதே அறிவு.

இனி, நம் மலைநாட்டிற்கு வருவோம். நாம் அறிந்த பனி, தை மாத விடியலில் நுவரெலியாப் புற்றரையில் வெண்மையாய்ப் படியும் உறைபனியே. இங்கே பனித்தளம் கேட்பார் யாருமிலர். ஆனால் தரையில் ஆடும் ஹொக்கிக்குக் கண்டியும் மாத்தளையும் பேர்போன ஊர்கள். 2016ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டு விழாவில் இலங்கை மகளிர் ஹொக்கி அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. வலைப்பந்திலே, யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் தர்ஜினி சிவலிங்கத்தின் துணையோடு 2018இல் நம் நாடு ஆசிய வெற்றிக் கிண்ணத்தை ஏந்திற்று. திறமைக்குக் குறைவில்லை. குறைவு யாதெனின், தோட்டப் பாடசாலைகள் பலவற்றைச் சூழ்ந்து தேயிலைச் சரிவு இருக்கின்றது. இருபது பெண்கள் ஓடியாடச் சமதரை இல்லை. சமதரை உள்ள விடத்தும், முதலில் இறங்குவோர் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகள் ஓரத்தில் நின்று கைதட்டுவோர்.

பெண்கள் ஆடுதல் தமிழ் மரபிற்கு ஒவ்வாது என்று சொல்லிச் சிலர் நம் இலக்கியத்தையே துணைக்கழைப்பர். அவர் இலக்கியத்தை எங்கே கற்றனரோ அறியேன். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிற் கந்துக வரி உண்டு. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் அழகைத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடாத ஓசையில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களை அம்மானை, நீராடல், ஊசல் என வகுத்துப் பாடுவது பெருவழக்கு. உமையம்மையையே ஆட அழைத்த தமிழ், தோட்டத்துப் பெண்ணை ஆடாதே என்று தடுக்குமோ?

இனி எஞ்சுவது பரீட்சை என்னும் வாதம். இது பிறர் வாதமன்று, என் வாதம். ஏழைப் பெண்ணுக்குக் கல்வியே ஏணி, விளையாட்டு வயிற்றை நிரப்பாது என்று யான் பல்லாண்டு சொல்லிவந்தேன். அதில் உண்மையும் உண்டு. லயத்து அறையில் விளக்கடியில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்குப் பாடசாலை தரும் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியுடையது. ஆயினும் ஒன்றை யான் எண்ணிப் பார்த்திலேன். அப்பிள்ளை வீடு சென்றதும் தண்ணீர் எடுக்க வேண்டும். தம்பி தங்கையரைப் பார்க்க வேண்டும். அவள் ஓடியாடற்கு வாரம் முழுவதிலும் இருந்த வேளை அந்த நாற்பது நிமிடமே. அதனையும் எடுத்துக்கொண்டு புணர்ச்சி விதி புகட்டினேன். அவ்வகுப்பின் பரீட்சைப் புள்ளிகள் அதனாற் சிறிதும் உயரவில்லை என்பதையும் ஒளியாது கூறுவேன்.

ஆதலால் ஆசிரியப் பெருமக்களை வேண்டுவது இதுவே: விளையாட்டு வேளையைக் கடன் வாங்காதீர். வாங்கினோர் திருப்பிக் கொடுத்ததை யான் கண்டதில்லை. அதிபர்மார் மைதானத்தைப் பெண்களுக்கு உரிய நாளில் உரிய அளவிற் பங்கிட்டுக் கொடுப்பாராக. தோட்ட முகாமையாளரும் கல்வித் திணைக்களத்தாரும் பாடசாலைக்கொரு சமதரை வெட்டிக் கொடுப்பின், அதனினும் பெரிய அறம் மலையகத்தில் வேறில்லை.

‘பனி வட்டாட்டம்’ என்னுஞ் சொல்லை அறிஞர் ஆராய்ந்து கொள்வதோ தள்ளுவதோ செய்க. வினவிய மாணவிக்கு அச்சொல்லைக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை விளையாட்டு வேளையையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்பொழுது அவ்வேளையில் வகுப்பறை வெறிச்சோடிக் கிடக்கின்றது. சன்னலுக்கு வெளியே, பாதி சேறான முற்றத்தில், வளைகோல் ஒன்றை நால்வர் மாறி மாறிப் பிடித்து ஆடுகின்றனர். இன்னும் சில கோல்கள் வாங்க வேண்டும்.