கதைக்கு மறுபதிப்பு உண்டு, படத்துக்கு?

அரியலூர் மாவட்டத் தா.பழூரிலிருந்து தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் கும்பகோணம். அங்குள்ள ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, 1940களில் சென்னைக்குப் போய் ஆனந்த விகடனில் சேர்ந்தார் தஞ்சாவூர்க்காரர் எஸ்.கோபாலன். கோபுலு என்று அவருக்குப் பெயர் சூட்டியவர் ஓவியர் மாலி. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதை ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இல் திரைக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே, சண்முகசுந்தரத்தையும் மோகனாவையும் வாசகர்கள் கோபுலுவின் கோடுகளில் பார்த்துவிட்டார்கள்.

அந்தக் கோடு சும்மா வந்துவிடவில்லை. பென்சிலில் வரைந்து, அதன்மேல் இந்தியன் இங்க் தொட்ட நிப்பாலோ தூரிகையாலோ இழுக்க வேண்டும். படத்தைக் கேமராவில் பிடித்துத் துத்தநாகத் தகட்டில் ஏற்றுவார்கள். கோடு இல்லாத இடத்தை அமிலம் அரித்துவிட, மேடாக நிற்கும் கோடுதான் ‘பிளாக்’. அதற்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும், சாம்பல் நிறம் தெரியாது. நிழல் வேண்டுமென்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட வேண்டும். கொஞ்சம் நெருக்கிப் போட்டாலும் மட்டக் காகிதத்தில் மை அப்பிக்கொள்ளும். எதை வரையாமல் விடுவது என்பதில்தான் ஓவியரின் திறமை இருந்தது. கோபுலுவின் வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

பக்கவாதத்தில் வலக்கை முடங்கிய பிறகு இடக்கையால் வரையப் பழகினார் அவர். கணினியில் ஒரு பொத்தானைத் தட்டிக் கோட்டை அழித்துவிடும் இன்றைய இளம் ஓவியர்கள் இந்த உழைப்பை அறிந்திருக்க வேண்டும்.

தமிழ் இதழ்களில் கேலிச்சித்திரத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் அதற்கு இடம் கொடுத்தார். 1987இல் அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனைச் சிறைக்கே அனுப்பியது சட்டமன்றம்.

இத்தனை இருந்தும், நாம் காப்பாற்றியது எழுத்தை மட்டும்தான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதும் ‘பொன்னியின் செல்வ’னைப் பல பதிப்பகங்கள் போட்டி போட்டு அச்சிட்டன. 1950 முதல் 1954 வரை வாராவாரம் அதற்கு உருவம் கொடுத்த ஓவியர் மணியத்தின் படங்கள் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைகள் வந்தியத்தேவனைப் படமில்லாமல் படிப்பது பெரிய இழப்பு.

அந்தப் படங்கள் இன்னும் எங்கோ இருக்கின்றன. வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, நூலால் தைத்து பைண்டு செய்து வைப்பது தா.பழூர் போன்ற ஊர்களிலும் அப்போது வீட்டு வழக்கமாக இருந்தது. கதைப் பக்கத்தைப் புரட்டினால் பின்புறம் யாரோ வரைந்த துணுக்குப் படம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எந்த மறுபதிப்பிலும் அது கிடைக்காது. பரணைச் சுத்தம் செய்யும்போது இவை எடைக்குப் போகின்றன.

கோட்டையூரில் தனி ஒருவர் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அரியலூர், பெரம்பலூர் மாவட்ட நூலகங்கள் இந்த பைண்டு தொகுப்புகளை இரவல் வாங்கி, இரு பக்கமும் ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுக்கலாம். பட்டியலில் எழுத்தாளர் பெயரோடு ஓவியர் பெயரும் ஏற வேண்டும். கையெழுத்து மங்கிய படங்களை இன்னாருடையது என்று அடையாளம் காட்ட, அந்த இதழ்களுக்காக வாராவாரம் காத்திருந்த எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.