தனியறையும் பொது முற்றமும்

2020 மார்ச்சில் நடுவண் அரசின் நலவாழ்வு அமைச்சகம் வீட்டில் தனிமைப்படுத்திக்கொள்வோருக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. காற்றோட்டமுள்ள தனியறையில் இருக்க வேண்டும். அதனோடு இணைந்த கழிப்பறையோ தனிக் கழிப்பறையோ இருப்பது விரும்பத்தக்கது என்றது அது. மருத்துவ நோக்கில் இதில் பிழை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், அதை எழுதியவரின் மனக்கண்ணில் எத்தகைய வீடு இருந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். நடுவே கூடம், பக்கத்தில் படுக்கையறை, உள்ளேயே குளியலறை என்று அமைந்த வீடு அது. கிணற்றடியோ துவைகல்லோ ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு தகரக் கதவோ அவர் நினைவில் வந்திருக்க வழியில்லை.

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: ஒண்டுக்குடித்தனம். ஒரே வாசல், ஒரே முற்றம். சுற்றிலும் ஓர் அறை, ஒன்றரை அறை அளவில் குடும்பங்கள். பின்கட்டில் எல்லோருக்கும் பொதுவாய் ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை, ஒரு குழாய். நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் இந்த முற்றம் எத்தனையோ முறை வந்திருக்கிறது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில், குடத்தோடு காத்திருக்கும் பெண்களின் வாழ்க்கையே ஒரு நகரத்தின் கதையாகிறது. இலக்கியத்துக்கு நன்கு பழக்கமான அந்த வீட்டை அரசின் சுற்றறிக்கை மட்டும் அறியாமற்போனது ஏன் என்பதே இக்கட்டுரைக்குக் காரணமான கேள்வி.

இவ்வாழ்க்கை பெருநகரத்துக்கு மட்டும் உரியதன்று. கோரைப்பாய்க்குப் பேர்போன வந்தவாசியையோ பட்டுக்குப் பேர்போன ஆரணியையோ எடுத்துக்கொள்ளுங்கள். நெசவாளர் வீட்டில் தறிக்கு இடம் விட்ட பிறகே மனிதருக்கு இடம். தறி நிற்கும் அறையே பகலில் தொழிற்கூடம், இரவில் படுக்கையறை. அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் தனியறை என்பது தறியை நிறுத்துவதாகும். தறியை நிறுத்துவது கூலியை நிறுத்துவதாகும். 2020 மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியோர் வழியாகத் திருவண்ணாமலை மாவட்டம் உள்ளிட்ட வட மாவட்டங்களுக்குத் தொற்று பரவியபோது, இத்தகைய வீடுகளும் அதை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்த குடும்பங்கள் 48.3 விழுக்காடுதான். பின்னர் நிலைமை பெரிதும் முன்னேறியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, பிறரோடு பகிராத மேம்பட்ட கழிப்பறை வசதியோடு வாழ்வோர் இங்கே ஏறத்தாழ 73 விழுக்காடு என்கிறது. முன்னேற்றம் மெய்யானது, பாராட்டத்தக்கது. ஆயினும், பெருந்தொற்று வந்து நின்ற அதே ஆண்டுகளில், நூற்றுக்கு இருபத்தேழு பேர் அந்த வசதிக்கு வெளியே இருந்தார்கள் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். கோடிக்கணக்கானோர் வாழும் மாநிலத்தில் இது சிறுபான்மைக் கணக்கன்று.

உலகம் முழுவதும் இந்த ஆண்டுகளில் பொதுக் குளியலறைகளைப் பற்றிய விவாதம் நடந்தது. பிரிட்டனில் விடுமுறைக்குக் கூண்டுவண்டியோடு செல்வோர் தங்கும் திடல்களில் குளியலறையும் பாத்திரம் துலக்கும் இடமும் பொதுவாக இருக்கும். வேல்ஸ் நாட்டரசு 2020 ஜூலை 11 அன்று தன்னளவில் எல்லா வசதியும் கொண்ட தங்குமிடங்களை மட்டும் திறந்தது. பொதுக் குளியலறை உள்ளவை ஜூலை 25 வரை காத்திருந்தன. நம் பக்கத்திலும் இதற்கு நிகரான ஒன்று நடந்தது. திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் 2020 மார்ச்சில் தடைசெய்யப்பட்டு, ஏறத்தாழ ஈராண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. விடுமுறைப் பயணியையும் கிரிவலத்துக்கு வருபவரையும் ஓரிரு மாதமோ ஓரிரு ஆண்டோ பொறுத்திருக்கச் சொல்லலாம். பொதுக் குளியலறையையே வீட்டின் பகுதியாகக் கொண்டவருக்கு அப்படியொரு நாளைக் குறிக்க இயலாது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர் அந்தக் கதவைத் திறந்தாக வேண்டும். மூடவும் முடியாத, பாதுகாக்கவும் ஆளில்லாத இடம் அது. இந்த வேறுபாட்டை எந்த நெறிமுறையும் உரிய அளவில் கருதியதாகத் தெரியவில்லை.

பொதுக் கழிப்பறை உண்மையிலேயே ஆபத்தானதா என்று கேட்கலாம். 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வட்டங்களில், நிதி ஆயோக், மும்பை மாநகராட்சி, டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் ஆகியவை இணைந்து நடத்திய இரத்தப் பரிசோதனை ஆய்வில், குடிசைப்பகுதிகளில் 57 விழுக்காட்டினரிடமும் பிற குடியிருப்புகளில் 16 விழுக்காட்டினரிடமும் நோயெதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. மக்கள் நெருக்கத்தோடு, பொதுக் கழிப்பறை, பொதுத் தண்ணீர்க்குழாய் போன்றவற்றையும் ஆய்வாளர்கள் சாத்தியமான காரணமாகச் சுட்டினார்கள். அதே நகரின் தாராவியில் மக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் 450 அளவிலான சமுதாயக் கழிப்பறைகளையே நம்பியிருந்தனர். அங்கே மாநகராட்சி அந்தக் கழிப்பறைகளை நாள்தோறும் பலமுறை தூய்மைப்படுத்தியது. வீடுவீடாகச் சென்று பரிசோதித்தது. இடமில்லாதவர்களைப் பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும் மாற்றி உணவளித்தது. பரவல் தணிந்ததை 2020 ஜூலையில் உலக நலவாழ்வு நிறுவனமும் எடுத்துக்காட்டிப் பேசியது. ஆக, பொதுவாய் இருப்பதனாலேயே ஓர் இடம் நோய்க்கூடம் ஆகிவிடுவதில்லை. பொதுவாய் இருந்தும் பொறுப்பாளர் இல்லாதபோதே அது நோய்க்கூடம் ஆகிறது.

தனிக் குளியலறை இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் முழுமையானதன்று. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஒவ்வொரு வீட்டிலும் தனிக் குளியலறை இருந்தது. ஆனால், குளியலறைத் தரையின் வடிகுழாயில், துர்நாற்றத்தைத் தடுக்கத் தேங்கி நிற்க வேண்டிய நீர் பல வீடுகளில் வற்றியிருந்தது. காற்றை வெளியே இழுக்கும் விசிறி சுழலும்போது கழிவுக்குழாயின் காற்று வீட்டுக்குள் வந்தது. சுவர்கள் தனித்தனி; குழாய் மட்டும் பொது. எந்த வசதியும் முற்றிலும் தனியானதன்று என்பதே அந்நிகழ்வு சொல்லும் பாடம்.

கொரோனாவைப் பற்றிய அறிவும் காலப்போக்கில் மாறியது. தொடக்கத்தில் கதவு, குழாய், தாழ்ப்பாள் என்று தொடும் பொருள்களைக் கண்டே அஞ்சினோம். தொட்ட பரப்பின் வழியே தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்றும், காற்றில் மிதக்கும் நுண்துளிகளே முதன்மைக் காரணம் என்றும் பின்னர் தெளிவாயிற்று. அப்படியானால், பின்கட்டில் அஞ்சத்தக்கது வெயிலில் கிடக்கும் துவைகல் அன்று; திறந்த கிணற்றடியும் அன்று. சன்னலில்லாத, நான்கடி நீளக் கழிப்பறைக்குள் முன்னவர் விட்டுச்சென்ற காற்றும், அதன் வாசலில் ஒட்டி நிற்கும் வரிசையுமே அஞ்சத்தக்கவை. பினாயில் வாடையைத் தூய்மைக்கு அடையாளமாகக் கொண்டுவிட்ட நாம், சுவரின் மேற்புறத்தில் ஓரடி இடைவெளி விடுவதும், ஒருவர் வெளிவந்தபின் சில நிமிடம் கதவைத் திறந்து வைப்பதும் அதனினும் பயனுள்ளவை என்பதை உணரவில்லை.

அடுத்தது தண்ணீர். அடிக்கடி கைகழுவுக என்றார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து குடித்தனம், வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு முறை, ஒரு முறைக்கு அரை லிட்டர் என்று கொண்டால், கைகழுவ மட்டும் எண்பது லிட்டர் வேண்டும். இது ஐந்தாறு குடம் தண்ணீர். அந்தக் குடங்களைச் சுமப்பவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொதுக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைக் கூட்டாமல், கைகழுவும் எண்ணிக்கையை மட்டும் கூட்டச் சொன்ன அறிவுரையின் சுமை பெண்களின் இடுப்பில்தான் இறங்கியது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் புழங்கிய 'சமூக விலகல்' என்ற சொல்லைப் பலர் மறுத்து, 'தனிமனித இடைவெளி' என்று மாற்றினார்கள். மாற்றியது சரியே. குழாயடியில் விலகி நிற்கச் சொல்வது இந்நாட்டில் புதிய வழக்கமன்று. அது சாதியின் பழைய வழக்கம். நோயின் பெயரால் ஒரு குடும்பத்தைப் பொதுக் குழாயிலிருந்து விலக்கும்போது, அது மருத்துவமா, பழைய தீட்டின் மறுபிறப்பா என்பதைப் பிரித்தறியும் பொறுப்பு ஊருக்கு உண்டு. வாசலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் அறிவிப்பும் அத்தகையதே. தனி வீட்டில் அது ஒரு குடும்பத்தைக் குறித்தது. ஒண்டுக்குடித்தனத்தில் ஐந்து குடும்பங்களையும் குறித்தது. அதிகாரிகளின் உரிய ஆணையின்றி அவ்வாறு ஒட்டலாகாது என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அதற்குள் எத்தனையோ முற்றங்களில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கும்.

வீட்டுக்கு ஒரு கழிப்பறை கட்டிவிட்டால் இந்தச் சிக்கலே இராதே என்பார்கள். இலக்கு அதுதான், ஐயமில்லை. ஆனால், வாடகைக்கு இருப்பவர் பிறருடைய நிலத்தில் கழிப்பறை கட்ட முடியாது. பத்துக்குப் பத்து அறையில் அதற்கு இடமும் இல்லை. அந்த இலக்கை எட்டும்வரை உள்ளவற்றைப் பேண வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் முன்னனுபவம் உண்டு. 2001 முதல் 2004 வரையிலான ஆண்டுகளில், ஊராட்சிதோறும் என்ற நோக்கில், ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டப்பட்டன. கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் இடம், தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தும் ஒரே சுவருக்குள். நல்ல எண்ணம், ஆனால் பராமரிப்பின்றி அவற்றுட் பல பயனற்றுப்போய், 2011-12இல் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறோம், கழுவுவதற்கு ஒதுக்குவதில்லை.

என் கருத்து இதுதான். பெருந்தொற்றுக்கான திட்டத்தில் வீட்டை மட்டும் அலகாகக் கொள்ளாமல், பொதுக் குளியலிடத்தையும் ஓர் அலகாகக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு நகராட்சியும் ஊராட்சியும், தன் எல்லைக்குள் எத்தனை குடும்பங்கள் எந்தக் கதவைப் பகிர்கின்றன என்ற பட்டியலை நோய் வருமுன்னரே வைத்திருக்க வேண்டும். அவ்விடங்களுக்குக் கூடுதல் தண்ணீர், ஊதியமும் பாதுகாப்பும் உள்ள தூய்மைப் பணியாளர், காற்று போக வழி ஆகிய மூன்றும் உறுதிசெய்யப்பட வேண்டும். நோயுற்றவர் கடைசி முறையில் பயன்படுத்தவும், உடனே அது தூய்மை செய்யப்படவும் ஏற்பாடு வேண்டும். அவருக்கெனத் தனி வாளியும் குவளையும் வேண்டும். அவர் மையத்துக்குச் செல்ல இசைந்தால், இழக்கும் கூலிக்கு ஈடும் வேண்டும். வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்கும் இதில் கடமை உண்டு. ஐந்து வாடகை வாங்குபவர் ஒரு கழிப்பறையோடு நிறுத்திக்கொள்வதை, நகராட்சி கட்டட அனுமதி தரும்போதே கேள்வி கேட்கலாம்.

2023 மே 5 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. முகக்கவசங்களோடு இந்தக் கேள்விகளையும் கழற்றி எறிந்துவிட்டோம். பின்கட்டில் வரிசை அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு நோய் வருமானால், அப்போது எழுதப்படும் சுற்றறிக்கை 'தனியறை இருப்பின்' என்று தொடங்கட்டும், தவறில்லை. 'இல்லாதோர்க்கு' என்று தொடங்கும் இரண்டாம் பத்தியும் அதில் இருக்க வேண்டும். அதை எழுதுவதற்கான காலம், நோயில்லாத இந்தக் காலம்தான்.