காய் பிடிக்கலையா? கொடியைக் குறை சொல்லாதீங்க

"பூ பூவாப் பூக்குது, ஒரு பிஞ்சுகூட நிக்கல. என்ன அடிக்கலாம்?" ஆடிப்பட்டத்தில் வீட்டுக் கொல்லையில் பரங்கி போட்டவர்கள் ஆவணியில் கேட்கும் கேள்வி இது. இதில் எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி இரண்டு சொற்கள். இரசாயனத்தை விட்டு வந்த பிறகும் 'என்ன அடிக்கலாம்' என்ற பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

முதலில் கொடியைப் பார்ப்போம். பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நீளமான மெல்லிய காம்பில் நிற்பது ஆண். பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் பெண். பூக்கத் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளுக்கு ஆண் பூ மட்டும் வந்து உதிரும். அது இயல்பு, பதற வேண்டியதில்லை. பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால் காரணம் தேட வேண்டும்.

விழுந்த பிஞ்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது காய் ஈயின் வேலை. அந்தப் பிஞ்சுகளைக் கொடியடியில் விடாமல் பொறுக்கி அழிக்க வேண்டும். மாந்தோப்பில் கட்டும் மெத்தில் யூஜினால் பொறிக்கு இந்த ஈ வராது. இதற்குக் க்யூலூர் பொறி வைக்க வேண்டும். புழு இல்லாமல் வெறுமனே சுருங்கியிருந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள்.

பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதைத் தூக்கிப் போகாது. விடியலில் விரியும் பூ வெயில் ஏறினால் வாடி, முற்பகலிலேயே மூடிக்கொள்ளும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ பலமுறை வந்து போனால்தான் காய் நிற்கும். மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்தால் காய் கோணலாகப் போகும். சுரையும் பீர்க்கும் மாலையில் விரியும், புடல் இருட்டிய பிறகு விரியும். அவற்றுக்கு அந்துப்பூச்சியும் வேண்டும்.

பரிந்துரைகளில் என்ன இருக்கிறது? பரங்கிக்கு 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி எத்ரல் கலந்து, விதைத்த 10-15 நாளிலிருந்து வாரம் ஒருமுறை நான்கு தடவை தெளிக்கச் சொல்கிறார்கள். பெண் பூ கூடும் என்பது உண்மைதான். ஆனால் அது இயற்கை வேளாண்மைக்கு ஒவ்வாத செயற்கை வளர்ச்சி ஊக்கி. மேலும், மகரந்தம் கொண்டுவர ஆளில்லாத இடத்தில் பெண் பூவைப் பெருக்கி என்ன பயன்? பத்து பிஞ்சு விழுகிற இடத்தில் இருபது விழும்.

நம்மவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. எத்ரலுக்குப் பதில் தேமோர் கரைசல், பஞ்சகவ்யா என்கிறோம். நல்லவைதான், நானும் தெளிக்கிறேன். கொடி தெம்பாகும், பூ நிற்கும். ஆனால் எந்தக் கரைசலும் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு நடந்து போகாது. ஊட்டம் மிஞ்சினால் இலையும் தண்டும் கொழுத்துப் பெண் பூ குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

பரங்கி, பெயரே சொல்வதுபோல, கடல் தாண்டி வந்த கொடி. அதன் பிறந்த மண்ணான அமெரிக்கக் கண்டத்தில் அதற்கென்றே தரைக்குள் கூடு கட்டும் தனித் தேனீ இனம் உண்டு. கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தேனீயைப் பற்றியது. விதைக்கும்போது மண்ணில் இமிடாகுளோபிரிட் இட்ட நிலத்தில் அது கட்டிய கூடுகள் 85 விழுக்காடு குறைந்தன. இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது. நம் ஊர்க் கடைகளில் அதே மருந்து சாதாரணமாகக் கிடைக்கிறது.

இங்கே பரங்கிக்கு அந்த வேலையைச் செய்வது நம் பொந்துத் தேனீயும் கொசுத் தேனீயும்தான். 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயலில் நம் மாவட்டத்தில் தென்னையும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. விழுந்த தென்னைக்கு இழப்பீட்டுக் கணக்கு எழுதினார்கள். முதிர்ந்த மரங்களின் பொந்துகளோடு போன தேனீக் குடும்பங்களை யார் எண்ணினார்கள்?

வங்கியில் பயிர்க்கடன் மனுக்களை வருடக்கணக்கில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விதை, உரம், மருந்து, கூலி என்று ஏக்கருக்குச் செலவு எழுதுவோம். தேனீ என்று ஒரு வரி நான் பார்த்ததில்லை. ஓசியில் கிடைப்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. கணக்கில் வராததைக் காப்பாற்றவும் ஆளிருக்காது.

வீட்டில் நாலு கொடி வைத்திருப்பவர் காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாகத் தடவலாம். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். ஆனால் ஏக்கர் கணக்கில் போட்டவர் எத்தனை பூவைத் தொடுவார்? கூலி கொடுத்துச் செய்தால் காய் விற்ற காசு அதற்கே போய்விடும்.

ஆகவே இது தனி ஆள் தீர்க்கும் சங்கதி இல்லை. தேனீ வரப்புப் பார்த்துப் பறப்பதில்லை. நான் இயற்கை முறையில் செய்தாலும், பக்கத்து வயலில் காலையில் மருந்தடித்தால் என் பரங்கியும் காய்க்காது. நம் சங்கக் கூட்டங்களில் கரைசல் செய்முறைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மருந்தடிக்கும் அண்டை விவசாயியை எதிரியாக நினைக்காமல் உட்கார்ந்து பேசுவோம். "பூக்கும் பருவத்தில் அடிக்காதீங்க, அடிச்சே ஆகணும்னா சாயங்காலம் அடிங்க" என்று கேட்போம். நாமும் வேப்ப எண்ணெய்க் கரைசலைக்கூடப் பூ மூடிய பிறகே தெளிப்போம். நாலைந்து குடும்பம் சேர்ந்து தேனீப் பெட்டி வைப்போம். பொந்துள்ள பழைய மரத்தை விறகுக்கு விலை பேசாமல் விடுவோம். வரப்பில் துளசி, தும்பை பூக்க இடம் கொடுப்போம்.

தோட்டக்கலைத் துறையிடமும் கேட்போம்: காய்கறி விதை கொடுக்கும் ஊருக்குத் தேனீப் பெட்டியும் சேர்த்துக் கொடுங்கள். விதை மட்டும் கொடுத்தால் கொடிதான் படரும்.