மூத்த வண்டி

சென்ற கோடை விடுமுறையில் எம் இல்லத்தில் ஒரு வழக்கு நடந்தது. வழக்கிற்கு உட்பட்ட பொருள், எம் தந்தையார் 2014-ஆம் ஆண்டில் வாங்கிய டீசல் கார். நான்கு மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமும், நிமிர்ந்த தோற்றமும், பின்கதவில் தொங்கும் உபரிச் சக்கரமும் உடையது. இற்றை நாளில் காம்பாக்ட் எஸ்.யூ.வி. என்று வழங்கும் இனத்தைச் சார்ந்தது. அதனை விற்றுவிடுதல் தக்கதென்பது எம் மாமாவின் கட்சி. வைத்துக்கொள்ளுதல் தக்கதென்பது தந்தையாரின் கட்சி. அன்னையார் எக்கட்சியிலும் சேராது, "எதுவாயினும் வெள்ளிக்கிழமைதோறும் பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வாயிலில் ஒரு வண்டி நிற்க வேண்டும்" என்று மட்டும் கூறினார். யாம் அப்பொழுது எக்கட்சியில் இருந்தோம் என்பதைப் பின்னர்க் கூறுவோம். அது எமக்குப் பெருமை தருவதன்று.

இவ்வண்டி இனத்தின் பிறப்பை ஈண்டுச் சிறிது கூறுதல் பொருந்தும். 2006-ஆம் ஆண்டில் மத்திய அரசு சிறிய கார்களுக்கு வரிச்சலுகை அளித்தபோது, நீளம் நான்கு மீட்டருக்கு மிகலாகாது என்றும், டீசல் எஞ்சினாயின் 1,500 கன சென்டிமீட்டருக்கு மிகலாகாது என்றும் எல்லை வகுத்தது. அவ்வெல்லைக்குள் உயரமான வண்டியொன்றை அடக்கும் முயற்சியிற் பிறந்ததே இவ்வினம். 2013-இல் வெளிவந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 3,999 மில்லிமீட்டர் நீளமுடையது. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் செய்யப்பட்டது. ஒரு மில்லிமீட்டரால் வரியை வென்ற அந்தச் சாமர்த்தியத்தை வியவாதிருத்தல் அரிது. 2016-இல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா வந்தது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது, வண்டிகளோ நின்றபாடில்லை. அன்று புதியனவாய் மாலையிட்டு வீட்டிற்குக் கொணரப்பட்டவை இன்று ஒவ்வொன்றாய் இரண்டு இலட்சம் கிலோமீட்டரைக் கடந்து வருகின்றன. ஆதலின் எம் இல்லத்து வழக்கு எம் இல்லத்தோடு முடிவதன்று. (எம் வண்டி இவற்றுள் எது என்று கேளற்க. அதன் பெயரை ஈண்டுக் கூறோம்.)

எம் தந்தையார் பள்ளி ஆசிரியர். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குச் சென்று மீள்வதில் நாள்தோறும் எண்பது கிலோமீட்டர் கழியும். வழக்கு நடந்த நாளில் மீட்டர் 2,38,000-ஐக் கடந்திருந்தது. நிலவுலகை அதன் நடுக்கோட்டின் வழியே ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் செல்ல வேண்டும். எனவே எம் வண்டி ஏறக்குறைய ஆறுமுறை உலகைச் சுற்றியிருக்கின்றது. ஆனால் பெரும்பாலும் ஒரே சாலையில்.

மாமாவின் வாதம் எளியது. இரண்டு இலட்சம் கடந்த வண்டி என்றேனும் ஒருநாள் நடுவழியில் நிற்கும். நிற்குமுன் விற்பவனே அறிவுடையவன் என்பது. அவர் ஒரு தரகரையும் அழைத்து வந்தார். தரகர் வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். மீட்டரைப் பார்த்தவுடன் முகம் சுருங்கினார். பின்பு தாழ்ந்த குரலில் ஒரு வழி கூறினார். கருவியொன்றைச் செருகினால் அரைமணி நேரத்தில் மீட்டர் 90,000 என்று காட்டும். விலையில் ஓர் இலட்சம் ரூபாய் கூடும். இஃது எங்கும் நடப்பதே என்றார்.

அவ்வாண்டு எம் தமக்கையார்க்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. முதலாண்டுக் கட்டணம் ஏறக்குறைய அதே ஓர் இலட்சம். யாம் அப்பொழுது எண்ணியதை மறைத்தல் முறையன்று. "எங்கும் நடப்பதுதானே" என்றே எண்ணினோம். வாயால் ஒன்றும் கூறவில்லை. எனினும் தந்தையார் எம் முகத்தை ஒருமுறை பார்த்தார். உள்ளே சென்று, பள்ளிப் பிள்ளைகள் எழுதும் எண்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து தரகர் முன் வைத்து, "இதையும் மாற்றித் தர முடியுமா, அண்ணாச்சி?" என்று வினவினார். தரகர் நகைத்தார், தேநீர் அருந்தினார், போய்விட்டார். தமக்கையாரின் கட்டணத்திற்கு வங்கியிற் கடன் பெற்றோம். அக்கடன் இன்னும் தீர்ந்திலது.

அக்குறிப்பேட்டை அன்றிரவுதான் யாம் முதன்முதலாகப் புரட்டினோம். 2014 முதல் வண்டிக்குச் செய்த ஒவ்வொன்றும் நாளும், மீட்டர் எண்ணும், செலவும் இட்டு எழுதப்பட்டிருந்தன. நீல மை, கறுப்பு மை, ஓரிடத்திற் பென்சில். ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கை பட்ட கறை. மீட்டரைப் பொய் சொல்லப் பழக்குதல் அரைமணி வேலை. அவ்வேட்டைப் பழக்குதல் அத்துணை எளிதன்று.

எம் துணிபு இதுவே: ஒரு வண்டியின் மூப்பை மீட்டர் காட்டும் எண் கூறாது; அந்த எண்ணோடு ஒட்டிய பேணுதலின் வரலாறே கூறும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடிய எண்பது கிலோமீட்டர் எஞ்சினை வருத்துவதினும், நகரத்து நெரிசலில் எஞ்சின் சூடேறுமுன் நின்று நின்று ஓடிய எட்டுக் கிலோமீட்டர் வருத்துவது மிகுதி. தூரம் குறைவென்று கருதி ஈராண்டு எண்ணெய் மாற்றாத வண்டி 50,000-லேயே கிழமாகும். மீட்டர் எண்ணைக் கண்டு முகஞ் சுளிக்கும் நண்பர்கள் ஏடு உண்டோ என்று கேட்பதில்லை. ஆதலாற்றான் எண்ணைக் குறைக்கும் தொழிலும் செழிக்கின்றது. வாங்குவோர் எதைக் கேட்கின்றனரோ அதனையே தரகரும் சமைத்துத் தருகின்றார்.

எனினும் வைத்துக்கொள்வோம் என்று தீர்ப்பாகிவிட்டால், வைத்துக்கொள்வோர்க்குக் கடனும் பிறக்கின்றது. பாதிப் பேணுதலோடு ஓடும் பழைய வண்டியை யாமும் ஆதரியோம். எம் மாமா, "நன்றாகத்தானே ஓடுகின்றது, அதை ஏன் கழற்ற வேண்டும்?" என்று கேட்டது டைமிங் பெல்ட்டைப் பற்றி. எஞ்சினின் அடியில் சுழலும் தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும் ஒரே தாளத்திற் பிணைக்கும் பல்லுடைய ரப்பர்ப் பட்டை அது. மற்ற உறுப்புகள் கெடுமுன் முனகும்; அதிரும்; கசியும். இப்பட்டையோ பெரும்பாலும் ஓசையின்றி அறுந்துவிடும். அறுந்த அக்கணமே வால்வுகள் நின்ற இடத்தில் நிற்க, பிஸ்டன்கள் மேலெழுந்து அவற்றை மோதும். எம்முடையது போன்ற எஞ்சினில் அதன்பின் எஞ்சுவது இரும்பு விலைக்கே ஆகும். சில எஞ்சின்களில் பட்டைக்கு மாறாகச் சங்கிலி உண்டு. தம் வண்டியில் இருப்பது எதுவென்று அறியாது பல்லாண்டு ஓட்டுவோரைப் பட்டறையில் யாம் கண்டிருக்கின்றோம். செய்தவர்கள் பட்டைக்கு இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு என்று கெடு கூறியிருப்பர். இரண்டில் எது முந்துகின்றதோ அதுவே கெடு. மீட்டரைக் குறைத்து விற்ற வண்டியை வாங்கியவன் இக்கெடுவை எங்ஙனம் அறிவான்? பொய்யெண்ணின் தீங்கு விலையளவில் நில்லாது, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தை நள்ளிரவில் நெடுஞ்சாலையில் நிறுத்தும் என்பது எமக்குப் பட்டறையில்தான் விளங்கிற்று. எம் வண்டிக்குப் பட்டையும், அதனை இழுத்துப் பிடிக்கும் உருளைகளும், அதனால் ஓடும் தண்ணீர்ப் பம்பும் ஒருங்கே மாற்றினோம். செலவு 18,000 ரூபாய். மாமா அன்று எம் வீட்டில் உணவு கொள்ளாமலே சென்றார்.

மற்றவை இத்துணை அச்சுறுத்துவன அல்ல. எஞ்சின் எண்ணெயை வாரம் ஒருமுறை கோலால் அளந்து பார்த்தல் வேண்டும்; டீசல் எஞ்சினில் புது எண்ணெயும் விரைவிற் கறுக்கும், அது கண்டு அஞ்ச வேண்டா. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுதல் தகாது. உப்புப் படிந்து உள்வழிகள் அடைபடும். வெயில் நாட்டில் கூலண்ட் எதற்கு என்று கேட்பார் உளர். அது கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் ஆகிய பயன்கள் வெயில் நாட்டிற்கே மிக வேண்டுவன.

டயரைப் பற்றி எமக்கொரு வெட்கம் உண்டு. புறநானூற்றில் ஒளவையார் பாட்டொன்றில், உப்பு வணிகர் தம் வண்டியின் அச்சு முறிந்தாலும் வழியில் நில்லாதிருக்க, அடியில் மற்றோர் அச்சைக் கட்டிச் செல்லும் செய்தி வருகின்றது. சேம அச்சு என்பது அதன் பெயர். வகுப்பில் அதற்கு நெடிய விளக்கம் எழுதி மதிப்பெண் பெற்றோம். எம் வண்டியின் சேமச் சக்கரமோ பின்கதவில் அழகாகத் தொங்கிற்று. அழுத்திப் பார்த்தபோது காற்றில்லை. டயரின் பக்கவாட்டிற் பொறித்த கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2214 என்றிருந்தது, அஃதாவது 2014-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரம். ஒருநாளும் தரையில் உருளாத அந்த டயர் ஓரங்களில் வெடித்திருந்தது. உழையாமலே முதுமை எய்தும் பொருள் அது ஒன்றே போலும்.

இனி ஓட்டுதல். கொல்லத்திலிருந்து திரும்புகையில், ஆரியங்காவு கடந்து புளியரைக்கு இறங்கும் வளைவுகளில் யாம் முதன்முறை ஓட்டினோம். நான்காம் கியரில், பிரேக்கை மிதித்தவண்ணமே இறங்கினோம். சிறிது நேரத்திற் காய்ந்த நாற்றம் எழுந்தது. பெடல் மெத்தென்று உள்வாங்கிற்று. தந்தையார் உரத்த குரல் எழுப்பவில்லை. கியரைக் குறைக்கச் செய்து, ஓரமாக நிறுத்தச் சொல்லி, அரைமணி நேரம் காத்திருக்கச் செய்தார். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்றார். அன்று யாம் அறியாதது ஒன்றுண்டு. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் கொதிநிலை தாழும். சூட்டில் ஆவிக்குமிழ் பிறந்தால் மிதியின் விசை அக்குமிழை அமுக்குவதிலேயே கழிந்துவிடும். ஊர் திரும்பி ஏட்டைப் பார்த்தால், திரவம் மாற்றி நான்காண்டு ஆகியிருந்தது. ஈராண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டுவது. ஏடெழுதும் தந்தையாரும் தவறினார் என்பதை அவரே பென்சிலாற் குறித்துவைத்தார்.

இவ்வினத்து வண்டி உயரமானது. அவ்வுயரம் ஓட்டுபவனை ஏமாற்றும். ஆரல்வாய்மொழிக் கணவாயிற் காற்று மிகும் மாதங்களில், முப்பந்தலின் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்தவாறு ஒரு கையால் ஓட்டுவோர் உளர். புது வண்டியே சிறிது ஒதுங்கும்; கீழ்த் தண்டுகளின் ரப்பர்ப் புஷ்கள் தேய்ந்த பழைய வண்டி நன்றாகவே ஒதுங்கும். வேகத்தைக் குறைத்தலன்றி வேறு மருந்தில்லை. தரையினின்று உயர்ந்த வண்டி வெள்ளத்தையும் கடக்கும் என்பது மற்றொரு மயக்கம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களிற் பெய்த மழையைத் தென்மாவட்டத்தார் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. எம் தெருவில் வண்டியின் முகப்பு விளக்கு வரை நீர் ஏறியது. நீர் வடிந்ததும் அண்டை வீட்டார் தம் புது வண்டியின் சாவியைத் திருகினர். எஞ்சினுள் புகுந்த நீர் அமுங்குவதில்லை. பிஸ்டனைத் தாங்கும் தண்டுகள் வளைந்தன. தந்தையார் சாவியைத் தொடாமல், பாட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியை ஏற்றிச் செல்ல மற்றொரு வண்டி வரும்வரை ஐந்து நாள் காத்திருந்தார். ஏட்டில் அதற்கு இரண்டு பக்கம்.

நிற்க. எதிர்க்கட்சியில் ஓர் உண்மை உண்டு. மாமா அதனைக் கூறவில்லை, யாம் கூறுவோம். எம் வண்டி பாரத் நிலை 4 விதிப்படி அமைந்தது. அவ்விதி டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்துகளை ஒப்புக்கொண்டது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் வந்த நிலை 6 விதி 4.5 மில்லிகிராமுக்கு மேல் ஒப்பாது. எத்துணைப் பேணினும் இவ்வேற்றுமையை எம் பட்டறையால் போக்க முடியாது. தில்லி வட்டாரத்திற் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகா என்னும் விதியை உச்சநீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2025-இல் அது மீண்டும் அம்மன்றத்தின் ஆய்வுக்கு வந்தது. குளிர்காலத்தில் அங்குள்ள குழந்தைகள் உட்கொள்ளும் காற்றை எண்ணினால், அவ்வூரில் வாழ்ந்திருப்பின் யாமும் மாமாவின் கட்சியையே சேர்ந்திருப்போம்.

எம் பகுதிக்கு அவ்விதி இல்லை. சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்தாண்டு. பின்னர்த் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய வண்டிக் கழிவுக் கொள்கையும் சொந்த வண்டியின் ஆண்டை மட்டும் எண்ணாது, சோதனையில் தவறியதையே கழிக்கச் சொல்கின்றது. இதுவே நேரிது என்பது எம் கருத்து. ஆனால் சோதனை சோதனையாக இருத்தல் வேண்டும். புகைக்குழாயிற் கருவியைச் செருகாமலே சீட்டுத் தரும் இடங்களும் உண்டென்பதை அறியாதார் யார்? அச்சீட்டுக்கும் 90,000 காட்டும் மீட்டருக்கும் என்ன வேற்றுமை? எம் வண்டிக்கு 2029-இல் அச்சோதனை வரும். தேறாவிடின் கழித்துவிடுவதென்று தந்தையார் ஏட்டின் பின்னட்டையில் எழுதி ஒப்பமிட்டிருக்கின்றார். எம்மையும் ஒப்பமிடச் செய்தார்.

விடுமுறை முடியுமுன் பிரேக் திரவத்தை மீண்டும் மாற்றினோம். உபரிச் சக்கரத்திற்குப் புது டயரும் வந்தது. இம்முறை எழுதியது எம் கை: மீட்டர் 2,39,412, திரவம், டயர் ஒன்று, கூலி, மொத்தம் 6,850 ரூபாய். மறுநாள் வெள்ளிக்கிழமை. பாட்டியாரை முன்னிருக்கையில் அமர்த்தி, இடுப்புப் பட்டையைப் பூட்டினோம்.