மக்களவையில் நிறக் கேலிக்கு என்ன தண்டனை?

மக்களவையில் யார் கத்தினார், யாரைச் சபாநாயகர் வெளியே அனுப்பினார் என்ற காணொளித் துண்டுகள்தாம் நம் கைப்பேசிக்கு வருகின்றன. சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுகிறோம். எதற்காக வெளியே அனுப்புகிறார்கள், எதற்காக அனுப்புவதில்லை என்று யாரும் கேட்பதில்லை.

2020 ஜூலை 13ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்று 111க்கு 109 என்ற வாக்குகளில் பழைய சபாநாயகர் நீக்கப்பட்டு, அஸார் ஹருண் பதவிக்கு வந்தார். எல்லாரும் அந்த இரண்டு வாக்கு வித்தியாசத்தையே பேசினார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது அதே நாளில் நடந்த வேறொன்று. பத்து காவான் உறுப்பினர் கஸ்தூரி பட்டு இருட்டாக இருக்கிறார், தெரியவில்லை, பவுடர் போட வேண்டும் என்ற பொருளில் பாலிங் உறுப்பினர் அப்துல் அஸிஸ் கேலி செய்தார். எதிர்ப்பு எழுந்த பிறகு வருத்தம் தெரிவித்தார். இடைநீக்கம் எதுவும் இல்லை.

பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டப்புறங்களில் வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கேலி புதிதல்ல. கல்யாண வீட்டில் அத்தையே சொல்வார். “நம்மாட்களே சொல்வதுதானே, இதைப் போய்ப் பெரிதுபடுத்துவதா?” என்று கேட்பவர்கள் உண்டு. அத்தை சொன்னால் பதில் பேசலாம், கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம். நாடாளுமன்றத்தில் பேசியதற்காக ஓர் உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது. அரசியலமைப்பின் 63ஆவது விதி, தேச நிந்தனை போன்ற விலக்குகள் தவிர, அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் நீதிமன்றம் நுழைய முடியாத இடத்தில் தட்டிக்கேட்கச் சபையை விட்டால் வேறு ஆளில்லை. பெண்களை இழிவுபடுத்தும் பேச்சு கூடாது என்று சபையின் கூட்ட விதிகளிலேயே இருக்கிறது.

தண்டிக்க மனமிருந்தால் சபைக்கு வழியும் இருக்கிறது. 2009 மார்ச்சில் பூச்சோங் உறுப்பினர் கோபிந்த் சிங் டியோ, அப்போதைய துணைப் பிரதமர் நஜிப் மீது கொலைக் குற்றச்சாட்டைச் சுமத்திப் பேசியதற்காக, சம்பளமின்றி ஓராண்டு இடைநீக்கம் செய்யப்பட்டார். அதற்கு ஓராண்டு, இதற்கு ஒரு ‘வருத்தம்’. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேலே இருப்பவர் மீது படும் சொல்தான் சபைக்குச் சுடுகிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

நமக்கு இந்த முறையைக் கொடுத்த பிரிட்டனும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 1987இல் அங்கே முதல் கறுப்பினப் பெண் உறுப்பினராகத் தேர்வானவர் டயேன் அபட். ஆளும் கட்சிக்கு நன்கொடை தந்த ஒருவர் அவரைப் பற்றிச் சொன்ன இனவாதப் பேச்சு, 2024 மார்ச் 13 அன்று பிரதமரின் கேள்வி நேரத்தில் விவாதத்துக்கு வந்தது. அபட் பேச வாய்ப்புக் கேட்டு 46 முறை எழுந்தார். சபாநாயகர் ஒருமுறைகூட அழைக்கவில்லை. நேரம் போதவில்லை என்று பிறகு காரணம் சொல்லப்பட்டது. அவரைப் பற்றி மற்றவர்கள் பேச மட்டும் நேரம் இருந்திருக்கிறது!

பதினெட்டு வயதானால் இப்போது நமக்கு வாக்கு உண்டு. அடுத்த தேர்தலில் கோலசிலாங்கூர் வேட்பாளர்கள் எங்கள் ஊருக்கு வந்து சாலை, தெருவிளக்கு என்று பேசும்போது நான் ஒன்று கேட்கப்போகிறேன்: பக்கத்து இருக்கையில் இருக்கும் உங்கள் கட்சிக்காரரே ஒரு பெண்ணின் நிறத்தைக் கேலி செய்தால், எழுந்து நின்று எதிர்ப்பீர்களா?