கோபுரம் ஊன்றும் முன் கேட்க வேண்டாமா?



உங்கள் ஊர் அருகே ஓர் அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றால் என்ன நடக்கும்? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாராகும். கருத்துக்கேட்புக் கூட்டம் கூட்டுவார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்து, ‘எங்கள் கிணறு என்ன ஆகும்?’ என்று கேட்கலாம். கேட்டது பதிவாகும். பெயரளவுக்கு நடக்கும் கூட்டங்களும் உண்டு என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது.

அதே மின்சாரத்தைச் சுமந்துகொண்டு உயர்மின் தடம் ஒன்று உங்கள் தோட்டத்தின் குறுக்கே வந்தால்? அந்தக் கூட்டம் கிடையாது. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், முன் அனுமதி பெற வேண்டிய திட்டங்களின் பட்டியலில் மின்தடங்களே இல்லை. காட்டு நிலத்தைக் கடந்தால் வன அனுமதி வாங்க வேண்டும். உங்கள் பட்டா நிலத்துக்கு அதுவும் தேவையில்லை.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை பவர்கிரிட் நிறுவனம் அமைத்த தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட். 2020-ல் இதில் மின்சாரம் வரத் தொடங்கியது. அதற்கு முன்பு, 2018 இறுதியில், கொங்கு மாவட்ட விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தது நினைவிருக்கும்.

அவர்கள் மின்சாரம் வேண்டாம் என்றா சொன்னார்கள்? இல்லை. ‘எங்களைக் கேட்காமல் எப்படி அளந்தீர்கள்?’ என்றுதான் கேட்டார்கள்.

கொங்கு நாட்டில் பலருக்குத் தோட்டம்தான் வீடும். சாளையும், தொழுவமும், கிணறும், தென்னையும் ஒரே இடத்தில் இருக்கும். 800 கிலோவோல்ட் தடத்துக்கு 69 மீட்டர் அகலம் ஒதுக்க வேண்டும். கணக்குப் போட்டால், கம்பி 59 மீட்டர் போவதற்குள் ஒரு ஏக்கர் அதற்குள் வந்துவிடுகிறது. அந்த ஏக்கரில் சோளம் விதைக்கலாம். தென்னை வைக்க முடியாது. வீடு கட்ட முடியாது. பழைய போர் வற்றிவிட்டால், புதிதாகப் போட ரிக் வண்டியைக் கம்பிக்குக் கீழே நிறுத்த முடியாது. பத்திரம் உங்கள் பெயரில்தான் இருக்கும். மகள் கல்யாணத்துக்கு விற்கப் போனால், வாங்க வருபவர் முதலில் அண்ணாந்து பார்ப்பார்.

இத்தனைக்கும் நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை, பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கான அதிகாரம் 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டத்திலிருந்து வந்தது. தந்திக் கம்பம் நடுவதற்காக ஆங்கிலேயர் போட்ட அந்த அதிகாரத்தை, 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 164-ம் பிரிவு வழியாக மின்தடங்களுக்கும் கொடுத்தது. நில உரிமையாளர் மறுத்தால், மாவட்ட நிர்வாகத்திடம் உத்தரவு வாங்கி வேலையைத் தொடரலாம். தந்திக் கம்பமும் இந்த ராட்சதக் கோபுரமும் ஒன்றா?

இழப்பீடு உயர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2015-ல் மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவிகிதம் என்றது. 2024-ல் அதை 200 சதவிகிதமாக்கினார்கள். கம்பிக்குக் கீழ் உள்ள நிலத்துக்கு உச்சவரம்பு 15 சதவிகிதமாக இருந்தது, அதுவும் 2024-ல் 30 ஆனது. நல்லதுதான். ஆனால் தடம் முடிவான பிறகு வரும் பணம் அது. தடத்தையே சற்றுத் தள்ளிப்போட முடியுமா என்ற கேள்விக்குப் பணம் பதிலாகாது.

‘கேரளத்தில் மட்டும் பூமிக்கடியில் கொண்டுபோகிறீர்களே?’ என்று நம் விவசாயிகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. புகளூரிலிருந்து திருச்சூர் போகும் தடத்தில், வடக்கஞ்சேரிக்கு அப்பால் சுமார் 27 கிலோமீட்டர் புதைகேபிள்தான். வீடுகள் நெருக்கமான பகுதி என்பதால் அப்படிச் செய்தார்கள். அது 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட். 800 கிலோவோல்ட் தடத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் புதைப்பது வேறு விஷயம், செலவும் பல மடங்கு என்று பொறியாளர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த வாதமும் பதிலும் ஒரு பொது மேடையில், வரைபடத்தை விரித்து வைத்து, தடத்தை முடிவு செய்யும் முன்பே நடந்திருக்க வேண்டாமா? அளவைக் கருவியோடு தோட்டத்துக்குள் வந்து நிற்கும் சர்வேயரிடமா இதைக் கேட்பது?

கம்பிக்குக் கீழே நின்றால் உடம்புக்கு ஆகுமா, கறவை மாடு நிற்கலாமா என்ற பயமும் அப்படித்தான். பயம் சரியோ தவறோ, அளந்து பார்த்து, தமிழில் எழுதிக் கொடுத்தால்தான் தீரும்.

மின்தடங்கள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வெயிலில் நம் வீட்டு ஃபேன் நின்றிருந்தால் என்ன பாடுபட்டிருப்போம்! முப்பந்தல் காற்றும் கமுதி வெயிலும் மின்சாரமானால் போதுமா? அதை ஊருக்குக் கொண்டுவரக் கம்பி வேண்டுமே. இனி இன்னும் நிறையத் தடங்கள் வரும். அதனால்தான் இதை இப்போதே பேச வேண்டும் என்கிறேன்.

‘ஆய்வு, கூட்டம் என்று போனால் திட்டமே நின்றுவிடும்’ என்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுவார்கள். நியூ மெக்சிகோவிலிருந்து அரிசோனாவுக்குப் போகும் ‘சன்சியா’ தடத்துக்கு 2008-ல் விண்ணப்பித்தார்கள். கட்டுமானம் தொடங்கியது 2023-ல். 15 வருடம் யாராலும் காத்திருக்க முடியாது. ஆய்வுக்குக் கெடு வைக்கலாமே? ஆறு மாதமோ எட்டு மாதமோ, சட்டத்திலேயே எழுதிவிடலாம். அதற்குள் மாற்று வழித்தடங்களை ஊருக்கு ஊர் காட்டி, எதில் எத்தனை வீடு, எத்தனை கிணறு, எத்தனை மரம் போகிறது என்று சொல்லி, மக்கள் பேச்சையும் பதிவு செய்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

உங்கள் ஊரில் அளவைக் கல் நட்டிருக்கிறார்களா? அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தடத்தின் வரைபடத்தைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். என்ன பதில் வந்தது என்பதை எங்களுக்கு எழுதுங்கள். கோபுரத்தோடு ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பவர்களும் எழுதுங்கள். இழப்பீடு கைக்கு வந்ததா, எவ்வளவு நாளானது என்பதையும் சேர்த்து. வரும் இதழ்களில் அவற்றை வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்