பதினோரு மாதப் பத்திரம்

வாடகைக்கு வீடு தேடுவோருக்கு அறிவுரைகள் பல கிடைக்கின்றன. தண்ணீர் வருகிறதா, சுவரில் ஈரக்கசிவு உண்டா, லிஃப்ட் இயங்குகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். இவை பார்க்கப்பட வேண்டியவையே. ஆனால் ஒழுகும் கூரையைப் பின்னர் செப்பனிடலாம்; கையெழுத்திட்ட பத்திரத்தை அவ்வளவு எளிதில் திருத்த இயலாது. பிழைப்புத் தேடிப் பெருநகரம் செல்லும் உழைப்பாளி முதலில் ஆராய வேண்டியது பத்திரத்தைத்தான்.

நாடெங்கும் வாடகை ஒப்பந்தங்கள் பதினோரு மாதத்துக்கே எழுதப்படுவது தற்செயல் அன்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதினோரு மாதம் என்று எழுதினால் பதிவு தவிர்க்கப்படுகிறது. பன்னிரண்டாம் மாதத்தில் வாடகையை உயர்த்தவும் காலி செய்யச் சொல்லவும் வழி திறக்கிறது. மகாராஷ்டிரம் இந்த ஓட்டையை அடைத்தது. அம்மாநிலத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு பெற வேண்டும். அந்தப் பொறுப்பு உரிமையாளருடையது. பதிவு இல்லையெனில், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் கூறுவதே ஏற்கப்படும். மும்பையிலும் புனேயிலும் குடியேறும் தோழர்கள் இந்த உரிமையை அறிந்திருக்க வேண்டும்.

அடுத்து, வீடு அடமானத்தில் இருக்கிறதா என்பது. பதிவான அடமானத்தை வில்லங்கச் சான்று காட்டும். மற்றவை குறித்து உரிமையாளரிடம் எழுத்தில் உறுதி பெற வேண்டும். அவர் கடனைக் கட்டத் தவறினால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் வங்கி வீட்டைக் கைப்பற்றலாம். பதிவு பெறாத ஒப்பந்தத்தையோ வாய்மொழி உடன்பாட்டையோ நம்பியிருப்பவர், அத்தகைய வீட்டில் ஓராண்டுக்கு மேல் இருக்க உரிமை கோர இயலாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கடன் பட்டவர் ஒருவர்; தெருவுக்கு வருபவர் வேறொருவர்.

மூன்றாவது, முன்பணம். பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். மாத வாடகை 12,000 ரூபாய் என்றால் 1,20,000 ரூபாய் வட்டியின்றி உரிமையாளரிடம் முடங்குகிறது. அதைத் தொழிலாளி பெரும்பாலும் வட்டிக்கு வாங்கியே தருகிறார். முன்பணத்தை வங்கி வழியே செலுத்தி, திருப்பித் தரும் நாள், பிடித்தத்துக்கான காரணங்கள், வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, துணை மீட்டரில் மின்சாரம் யூனிட்டுக்கு என்ன விலை ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது அவசியம்.

2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணத்துக்கு இரண்டு மாத வாடகையை வரம்பாக வைத்தது. ஆனால் மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் அது செல்லும். அதே மாதிரிச் சட்டம் வாடகைக்கு வரம்பு எதையும் விதிக்கவில்லை. இருதரப்பும் பேசி முடிவு செய்யட்டும் என்கிறது. கெடு கடந்து தங்குபவர் முதல் இரண்டு மாதம் இருமடங்கும் பின்னர் நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும். பசித்தவனும் பண்டகசாலைக்காரனும் சமமாகப் பேரம் பேசுவார்கள் என்ற கற்பனை மீது எழுப்பப்பட்ட சட்டம் இது.

குடியிருப்பவர் வீட்டை ஆராயுமுன் அவரே ஆராயப்படுகிறார் என்பதையும் மறந்துவிடக்கூடாது. என்ன சாதி, என்ன மதம், அடுக்களையில் இறைச்சி வேகுமா என்ற கேள்விகள் வாசலிலேயே காத்திருக்கின்றன. கடை, உணவகம், விடுதி ஆகியவற்றில் நுழைவதில் பாகுபாட்டைத் தடுக்கும் அரசமைப்பின் 15(2) பிரிவு, வாடகை வீட்டைப் பெயரிட்டுக் குறிப்பிடவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. வீடில்லாதோர் நடைபாதையில் உறங்க, வீடுகள் பூட்டிக் கிடப்பது சந்தையின் நியதி. தனியொருவர் எத்தனை கவனமாகச் சரிபார்த்தாலும் இந்த நியதி மாறாது. குறைந்த கட்டணத்தில் கட்டாயப் பதிவு, முன்பணத்துக்குச் சட்ட வரம்பு, பாகுபாட்டுக்குத் தடை, அரசின் வாடகைக் குடியிருப்புகள் ஆகிய கோரிக்கைகள் இயக்கமாக எழ வேண்டும்.

அதுவரை கிளைகளுக்கு ஓர் எளிய கடமை உண்டு. மராத்தியிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட பத்திரத்தில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளி கையெழுத்திடுமுன், அதை வரி வரியாக அவருக்குப் படித்துப் பொருள் சொல்ல ஒரு தோழர் உடனிருக்க வேண்டும்.